கேட்டுச் செய்வதா, செய்து கேட்பதா?

பட்டணத்தில் வசிப்பவர்களில் வைத்தியம் தெரியாதவர்கள் உண்டு. சட்டம் தெரியாதவர்கள் உண்டு. ஆனால் எந்தத் தெருவை ஒரு வழிப் பாதையாக்க வேண்டும், எந்த பஸ்ஸை எந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்பது தெரியாதவர் ஒருவரும் இலர். பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் அரை மணி நேரத்தில் நாம் ஒவ்வொருவரும் போக்குவரத்து மந்திரியாகிவிடுகிறோம். வண்டி வந்ததும் அந்தப் பதவியை ராஜிநாமாச் செய்துவிட்டு, படிக்கட்டில் கால் வைக்க இடம் தேடுகிறோம்.

இவ்வளவு அபிப்பிராயங்கள் மலிந்து கிடக்கும் விஷயத்தில் சர்க்கார் என்ன செய்வது? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. மூட வேண்டியதும் இல்லை. ஜனநாயகத்தில் ஊர் வாய் திறந்தே இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வாயிலிருந்து வருவதை எப்பொழுது கேட்பது, யாரிடம் கேட்பது என்ற இரண்டு கேள்விகளும் நாம் நினைப்பதைவிடக் கடினமானவை. ஜனங்களைக் கேட்டுவிட்டுத்தான் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்பது ஒரு கட்சி. நல்லது என்று தோன்றினால் செய்துவிட்டு, அப்புறம் ஜனங்களைக் கேட்கலாம் என்பது மற்றொரு கட்சி. முதல் கட்சியே நியாயமானது என்று எடுத்த எடுப்பில் தோன்றும். சற்று ஆராய்ந்து பார்த்தால் விஷயம் அத்தனை சுலபமாக இல்லை.

ஏறக்குறைய ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே யோசனையை வைத்துக்கொண்டு, இரண்டு ஐரோப்பிய நகரங்கள் இந்த இரண்டு வழிகளிலும் போய்ப் பார்த்தன. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நகரங்கள்

முதலாவது, ஸ்காட்லாந்தின் தலைநகரமான எடின்பரோ. நகரத்துக்குள் வரும் மோட்டார் வண்டிகளின் கூட்டம் தாங்க முடியவில்லை. நகரைச் சுற்றி இரண்டு வளையங்களாக எல்லை வகுத்து, அவற்றைத் தாண்டி உள்ளே வரும் வண்டிகளிடம் நாளொன்றுக்கு இரண்டு பவுன் வசூலிப்பது, வரும் பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குச் செலவிடுவது என்று நகர சபை ஒரு திட்டம் போட்டது. செய்வதற்கு முன்னால் ஜனங்களைக் கேட்டுவிடுவது முறை என்று கருதி, 2005 பிப்ரவரியில் தபால் மூலம் வாக்கெடுப்பும் நடத்தியது. வாக்குரிமை உள்ளவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். வாக்களித்தவர்களில் 74 சதவிகிதத்தினர் "வேண்டாம்" என்றனர். திட்டத்தை அத்துடன் மூட்டை கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது, ஸ்வீடன் தேசத்தின் தலைநகரமான ஸ்டாக்ஹோம். அது பல தீவுகளின் மீது அமைந்த நகரம். ஆகையால் பாலங்களைத் தாண்டித்தான் நகரின் நடுவிடத்துக்கு வர முடியும். காலையும் மாலையும் அந்தப் பாலங்களில் மோட்டார்கள் எறும்புச் சாரையாக நிற்கும். அங்கும் நெரிசல் வரி என்ற பேச்சு எழுந்தது. எடின்பரோவில் இருந்ததற்குக் குறையாத எதிர்ப்பும் எழுந்தது. 2002-ஆம் வருஷத்துத் தேர்தலின்போது, இத்தகைய வரியை விதிக்க மாட்டோம் என்று வாக்குறுதி தந்து பதவிக்கு வந்தவர்களே, கூட்டணிக் கட்சியின் நிர்ப்பந்தத்தால் பிறகு அதை ஒப்புக்கொண்டார்கள். சொன்ன சொல்லை மீறினார்கள் என்று ஊரே தூற்றியது. அந்தத் தூற்றலில் நியாயமும் இருந்தது.

ஆனால் அவர்கள் செய்த விதம் கவனிக்கத் தக்கது. "இது நிரந்தரமான வரி அன்று; பரீட்சை. 2006 ஜனவரி 3-ஆம் தேதி ஆரம்பித்து ஜூலை 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். செப்டம்பரில் பொதுத் தேர்தலோடு கூட உங்கள் வாக்கைக் கேட்போம்" என்று தேதி குறித்து அறிவித்தார்கள். அதோடு நிற்கவில்லை. வரி ஆரம்பமாவதற்கு நாலு மாதங்களுக்கு முன்பே, 2005 ஆகஸ்டில், ஏறக்குறைய 200 புதிய பஸ்களைச் சாலையில் இறக்கிப் புதிய தடங்களையும் திறந்தார்கள். மோட்டாரை வீட்டில் விட்டுவிட்டு வா என்று சொல்வதற்கு முன்னால், வருவதற்கு ஒரு வண்டியைக் கொடுக்க வேண்டும் அல்லவா?

நகரின் நடுப்பகுதியைச் சுற்றிப் பதினெட்டு இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. எல்லையைத் தாண்டும் வண்டியின் எண்ணை அவை குறித்துக்கொள்ளும். நேரத்தைப் பொறுத்து ஒரு தடவைக்கு 10 முதல் 20 குரோனர் வரை கட்டணம்; எத்தனை தடவை தாண்டினாலும் ஒரு நாளைக்கு 60 குரோனருக்கு மேல் இல்லை. இரவிலும் சனி, ஞாயிறுகளிலும் கட்டணமே கிடையாது.

வரி தொடங்குவதற்கு முன்னால் பத்திரிகைகள் சாபமிட்டன. கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். நகரம் ஸ்தம்பித்துப் போகும் என்று ஆரூடம் சொன்னவர்களும் உண்டு. ஜனவரி 3-ஆம் தேதி விடிந்தது. எல்லையைத் தாண்டிய வண்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாயமாய் மறைந்துவிட்டன! நகருக்குள் வரும் சாலைகளில் வண்டிகள் வரிசையில் காத்துக் கிடந்த நேரம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. ஜூலை முடிந்து வரியும் நின்றதும், வண்டிகள் பெரும்பாலும் பழையபடி வந்து சேர்ந்தன. இருந்த நிலை, மாறிய நிலை, திரும்பி வந்த பழைய நிலை மூன்றையும் ஜனங்கள் ஒரே வருஷத்தில் கண்ணால் பார்த்தார்கள்.

செப்டம்பர் 17-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. பரீட்சைக்கு முன்னால் பெரும்பான்மையோர் எதிர்த்து நின்ற அதே நகரத்தில், ஏறக்குறைய 53 சதவிகிதத்தினர் "வேண்டும்" என்று வாக்களித்தார்கள். அந்தத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஆனாலும் புதிதாக வந்தவர்கள் வரியை நீக்கவில்லை. 2007 ஆகஸ்டில் அதை நிரந்தரமாக்கினார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல ஆதரவு இன்னும் வளர்ந்து, மூன்றில் இரண்டு பங்கை எட்டியது.

இதில் எல்லாவற்றிலும் வேடிக்கையான அம்சம் ஒன்று உண்டு. தங்கள் அபிப்பிராயம் மாறிற்று என்பதே அந்த ஜனங்களில் பலருக்குத் தெரியவில்லை! ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு விசாரித்தபோது, "நாங்கள் ஆதியிலிருந்தே இதை ஆதரித்தவர்கள்தாமே" என்று மிகப் பலர் மனப்பூர்வமாகச் சொன்னார்களாம். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. பழகிப்போன சௌகரியம் எப்பொழுதும் இருந்தது போலவே மனத்துக்குத் தோன்றிவிடுகிறது.

எங்கள் பள்ளிக்கூட வாசல்

மேனாட்டுக்காரர்களின் மனம் மட்டும் இப்படி வேலை செய்கிறது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். நான் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே இதைக் கண்டேன்.

காலை எட்டே முக்கால் மணிக்கு எங்கள் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தவர்கள், குருக்ஷேத்திரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் மோட்டார்களும் ஸ்கூட்டர்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். நடுவே சைக்கிளில் வரும் பிள்ளைகளும் நடந்து வரும் பிள்ளைகளும் வழி கண்டு நுழைய வேண்டும். பள்ளியிலிருந்து இருநூறு அடி தூரத்திலேயே வண்டிகளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை நடந்து வரச் செய்யலாம் என்ற யோசனை பெற்றோர் கூட்டத்தில் வந்தது. அன்று எழுந்த கூச்சலைக் கேட்டவர்கள், பிள்ளைகளை இமயமலைக்கு நடந்து போகச் சொன்னோம் என்றே நினைத்திருப்பார்கள். மழை, வெயில், புத்தக மூட்டை, நாய் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். கை தூக்கச் சொன்னபோது யோசனை படுதோல்வி அடைந்தது.

எங்கள் தலைமை ஆசிரியர் பொறுமைசாலி. "ஒரு மாதம் மட்டும் பார்ப்போம், முப்பத்தோராம் நாள் இதே இடத்தில் மறுபடி கை தூக்கச் சொல்கிறேன், அன்று நீங்கள் சொல்வதுதான் தீர்ப்பு" என்றார். நடக்க முடியாத பிள்ளைகளின் வண்டிகளுக்கு மாத்திரம் விலக்குக் கொடுத்தார். ஒரு மாதம் கழிந்தது. மறுபடி கைகள் உயர்ந்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. ஒரு கனவான் மட்டும் கடைசிவரை எதிர்த்தார். அவருடைய உறுதியை நான் மதிக்கிறேன். முதல் கூட்டத்தில் உரக்கக் கத்திய மற்றொருவரோ, "நான்தான் அப்பொழுதே சொன்னேனே" என்று என்னிடம் பெருமையோடு கூறினார். ஸ்டாக்ஹோம் வாசிகள் ஞாபகத்துக்கு வந்ததால், நான் மறுத்துப் பேசவில்லை.

பரீட்சையின் வரம்பு

இதையெல்லாம் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் தாமே பழகிக்கொள்வார்கள்" என்று எந்த உத்தியோகஸ்தராவது முறுவல் செய்வாரானால், அவருக்கு ஒரு வார்த்தை.

ஸ்டாக்ஹோம் சர்க்கார் ஜனங்களைப் பழக்கவில்லை. ஜனங்களிடம் பரீட்சைத் தாளைக் கொடுத்தது. முடிவு நாளை முன்கூட்டிச் சொன்னது. வேண்டாம் என்றால் எடுத்துவிட வழி வைத்திருந்தது. அதே ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 2013 ஜனவரியில் வரி விதித்துவிட்டு, 2014-ஆம் வருஷத்தில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 57 சதவிகிதத்தினர் "வேண்டாம்" என்றார்கள். வாக்கெடுப்பு வெறும் ஆலோசனைதான் என்று சொல்லி, நகர சபை வரியை வைத்துக்கொண்டது. சாலைக்கும் ரயிலுக்கும் அந்தப் பணத்தை எதிர்பார்த்துத் திட்டங்கள் போட்டாகிவிட்டது என்பது காரணம். சட்டப்படி சரிதான். ஆனால் பதிலைக் கேட்டுக்கொள்ளும் உத்தேசம் இல்லாவிட்டால், கேள்வியை ஏன் கேட்க வேண்டும்?

ஆகவே ஒரு பேதத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போக்குவரத்துக் காரியங்களில் திரும்ப எடுக்கக் கூடியவையும் உண்டு. எடுக்க முடியாதவையும் உண்டு. ஒரு வழிப் பாதை, பஸ்ஸின் தடம், வண்டி நிறுத்தும் கட்டணம், பஸ்ஸுக்கென்று சாலையில் ஒதுக்கும் ஓரம் இவையெல்லாம் முதல் ஜாதி. ஒரு சாக்குக் கட்டியும் நாலு மரத் தடுப்புகளும் இருந்தால் ஆரம்பிக்கலாம். பிடிக்காவிட்டால் அதே சாயங்காலம் எடுத்துவிடலாம். இவற்றைச் செய்து பார்த்துவிட்டுக் கேட்பதே உத்தமம். பார்க்காத ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்லச் சொன்னால், மனிதன் தன் பயத்தைத்தான் அபிப்பிராயமாகச் சொல்வான்.

மேம்பாலம், ரயில் பாதை, குடியிருப்புகளை அகற்றுதல் இவை இரண்டாவது ஜாதி. இவற்றைப் பரீட்சை செய்து பார்க்க முடியாது. இவற்றுக்கு முன்கூட்டிக் கேட்பதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை.

நம் சென்னையின் சரித்திரத்திலேயே இதற்கு உதாரணங்கள் கிடக்கின்றன. இந்தியாவில் மின்சார டிராம் முதன் முதலாக ஓடிய பட்டணம் சென்னை. அது 1895-ஆம் வருஷம். ஐம்பத்தெட்டு வருஷம் ஓடிய அந்த டிராம், நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியதால் 1953 ஏப்ரலில் நின்றது. பிறகு தண்டவாளங்களும் போயின. புகையில்லாத வண்டி வேண்டும் என்று இப்பொழுது கோடி கோடியாகச் செலவு செய்து தேடுகிறோம். ஆனால் பெயர்த்த தண்டவாளத்தைப் பற்றி மறு வாக்கெடுப்பு நடத்த முடியுமா? பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-லும், மயிலாப்பூர் வரை 1997-லும், வேளச்சேரி வரை 2007-லும் அது வந்து சேர்ந்தது. பல இடங்களில் அதன் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாயின் நீரிலேயே ஊன்றப்பட்டன. மழை வெள்ளம் வடிய வேண்டிய வழியை அவை நெருக்குகின்றன என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். சொல்லி என்ன பயன்? தூண் பெயராது.

யாருடைய அபிப்பிராயம்?

எப்பொழுது கேட்பது என்பதை ஒருவாறு பார்த்தோம். யாரைக் கேட்பது என்பது பாக்கியிருக்கிறது. இதில்தான் நம் தேசத்தின் சங்கடம் இருக்கிறது.

டில்லியில் 2008-ஆம் வருஷம் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்துக்கு, சாலையின் நடுவே பஸ்களுக்கென்று தனிப் பாதை வகுத்தார்கள். பஸ்கள் முன்னைவிட வேகமாகப் போயின. பக்கத்தில் மோட்டார்கள் நெரிசலில் நின்றன. அமைப்பிலும் குறைகள் இருந்தன. சிக்னல்கள் சரியாக இயங்காமல் வண்டிகள் வெகு நேரம் நிற்க வேண்டியிருந்தது உண்மையே. பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் நாள்தோறும் கண்டனம் முழங்கிற்று. டில்லி வாசிகள் ஒருமுகமாக எதிர்க்கிறார்கள் என்றே வெளியூரில் இருந்தவர்கள் நம்பினோம். ஆனால் அந்தச் சாலையில் வண்டிகளை எண்ணினால் பஸ்கள் மிகச் சொற்பம். ஆட்களை எண்ணினால் பஸ்ஸில் போனவர்களே பெரும் பங்கு. அந்தப் பெரும் பங்கினர் டெலிவிஷன் காமிராவுக்கு முன் வந்து பேசவில்லை. அவர்கள் பஸ்ஸுக்குள் இருந்தார்கள். தனிப் பாதையை நீக்கக் கோரிய வழக்கை டில்லி உயர்நீதி மன்றம் 2012-ல் தள்ளுபடி செய்தது. ஆனாலும் கண்டனம் ஓயவில்லை. 2016-ல் பாதையை இடித்துத் தள்ளினார்கள். பொது ஜன அபிப்பிராயம் வென்றது என்று சொல்லப்பட்டது. எந்தப் பொது ஜனம் என்று கேட்பதற்கு ஆளில்லை.

நம் பக்கத்திலும் பாருங்கள். 2018 ஜனவரி 20-ஆம் தேதி தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் ஒரே நாளில் உயர்ந்தது. சென்னையில் சாதாரண பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் மூன்று ரூபாயிலிருந்து ஐந்து ரூபாயாயிற்று. ஆறு வருஷங்களுக்கு மேல் கட்டணமே உயரவில்லை, டீசல் விலையோ ஏறிக்கொண்டே போகிறது, போக்குவரத்துக் கழகங்கள் கடனில் தத்தளிக்கின்றன என்று சர்க்கார் சொன்ன காரணங்களில் உண்மை இருந்தது. ஆனால் இரண்டு ரூபாய் என்பது யாருக்கு என்ன என்பதை முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. மாணவர்கள் வகுப்புகளை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பத்து நாளுக்குள் சர்க்கார் கட்டணத்தைச் சிறிது குறைத்தது. தெருவில் இறங்கினால்தான் காது கேட்கும் என்ற பாடத்தை அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். உபாத்தியாயர் என்ற முறையில், அவர்கள் வேறு பாடம் கற்றிருக்கலாமே என்று எனக்கு வருத்தம். அதைக் கற்பித்தவர்கள் நாங்கள் அல்ல.

இதே விஷயத்துக்கு மறு பக்கமும் உண்டு. 2021 மே 7-ஆம் தேதி, புதிய சர்க்கார் பதவியேற்ற அன்றே, நகரச் சாதாரண பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாம் என்று உத்தரவு பிறந்தது. மறுநாளே அமலுக்கு வந்தது. படித்த குடும்பங்களின் கூடங்களில் அன்று நடந்த விவாதம் பலருக்கும் நினைவிருக்கும். இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுக்கிறார்கள் என்றும், கூட்டம் தாங்காது என்றும், காரணமில்லாமல் பெண்கள் ஊர் சுற்றுவார்கள் என்றும் சொல்லப்பட்டது. 2022-ல் ஒரு மந்திரியே மேடையில் "ஓசி" என்ற சொல்லைப் பயன்படுத்தப் போக, பெரும் கண்டனம் கிளம்பிற்று. ஆனால் அந்த வண்டியில் ஏறியவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள்? மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரிய வந்தது. வீட்டு வேலை செய்து ஏழாயிரமோ எட்டாயிரமோ சம்பாதிக்கும் ஒரு தாய்க்கு அது எட்டில் ஒரு பங்கு அல்லது ஒன்பதில் ஒரு பங்கு. அவள் ஊர் சுற்றப் போகவில்லை; இரண்டாவது வீட்டு வேலைக்குப் போனாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள், பிள்ளையைச் சற்றுத் தூரத்திலுள்ள நல்ல பள்ளியில் சேர்த்தாள்.

அந்தப் பெண்களுக்குக் குறையே இல்லை என்று எண்ண வேண்டாம். கட்டணமில்லாத வண்டி போதுமான அளவு வருவதில்லை. கை காட்டினாலும் சில சமயம் நிற்பதில்லை. நின்றாலும் இருபதடி தள்ளி நிற்கிறது. இந்தக் குறைகளைச் சொல்ல அவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுத மாட்டார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோவுக்குக் காசை எண்ணிக் கொடுப்பார்கள். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைக்கப்பட்ட குடும்பங்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். வீட்டை மாற்றியவர்கள் வேலையை மாற்றிக் கொடுக்கவில்லை. பழைய பேட்டையில் இருந்த வேலைக்கும் புதிய வீட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே பாலம் விடியற்காலை பஸ். அந்த பஸ் வராத அன்று ஒரு குடும்பத்தின் கூலி போகிறது. போக்குவரத்துக் கொள்கை என்று நாம் சாய்வு நாற்காலியில் பேசுவது அவர்களுக்கு அடுப்பு எரிவதும் எரியாததும்.

மூன்று யோசனைகள்

சர்க்காரைக் குறை சொல்வதோடு நிறுத்துவது இந்தப் பகுதியின் வழக்கமன்று. ஆகையால் என் அற்ப அறிவுக்கு எட்டிய யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது: திரும்ப எடுக்கக் கூடிய எந்த மாறுதலையும் தேதி போட்டுச் செய்யுங்கள். "இன்று முதல் தொண்ணூறு நாள், இன்ன இன்னதை அளந்து பார்ப்போம், இன்ன தேதியில் முடிவு சொல்வோம்" என்று அந்தத் தெரு முனையிலேயே பலகை வையுங்கள். முடிவு நாள் தெரிந்தால் எதிர்ப்பவனும் பொறுத்துப் பார்ப்பான்.

இரண்டாவது: திரும்ப எடுக்க முடியாததை முன்கூட்டிக் கேளுங்கள். படத்தை இங்கிலீஷில் போட்டு, அலுவலக நேரத்தில், நட்சத்திர ஹோட்டலில் கூட்டம் கூட்டுவது கேட்பதாகாது. தூண் எழும்பப் போகிற இடத்தில், அங்கே வசிப்பவர்களின் பாஷையில், அவர்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு கேளுங்கள்.

மூன்றாவது: பஸ்ஸில் போகிறவர்களின் அபிப்பிராயத்தை பஸ் நிற்குமிடத்தில் போய்க் கேளுங்கள். சென்னையின் பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துப் பார்ப்பதற்கென்றே 2010-ல் சட்டம் செய்து, 2019-ல் அமலாக்கி, ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்று அமைத்திருக்கிறார்கள். செல்போன் செயலியில் குறைகளைப் பதிவு செய்வது நல்லதே. ஆனால் செயலியைத் திறக்கத் தெரிந்தவரின் குரல் ஏற்கனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. காலை ஐந்தரை மணிக்குப் பெரும்பாக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் ஓர் உத்தியோகஸ்தர், ஆயிரம் மின்னஞ்சல்களில் கிடைக்காத செய்தியைக் கொண்டுவருவார்.

இவை சர்க்காருக்கு. நமக்கும் ஒன்று உண்டு. பொது ஜன அபிப்பிராயம் என்று பத்திரிகைகளில் வருவதில் பெரும் பகுதி, இந்தப் பக்கத்தைப் படிக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களின் அபிப்பிராயம். நாம் கடிதம் எழுதுகிறோம். நாம் மனுக் கொடுக்கிறோம். நம் தெருவில் பள்ளம் விழுந்தால் நகரமே பள்ளமாகிவிட்டது என்று முழங்குகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அடுத்த முறை பஸ் தடத்தைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் எந்த எண் பஸ்ஸில் வருகிறாள், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள், அந்த வண்டி தவறினால் என்ன செய்கிறாள் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். பதில் தெரிந்த வீடுகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். விசாரித்த பின் அவள் சொன்னதையும் சேர்த்து எழுதி, உங்கள் தொகுதிச் சட்டசபை அங்கத்தினருக்கோ வட்டத்துக் கவுன்சிலருக்கோ ஒரு கடிதம் போடுங்கள்.